சிலுவை வராத ஓலை

குருத்தோலை ஞாயிறன்று பிரகாசியம்மாள் கோவிலிலிருந்து இரண்டு ஓலைகளோடு வந்தாள். ஒன்றை அழகான சிலுவையாக மடித்துச் சுவரில் மாட்டினாள். மற்றது கிழிந்திருந்தது.

"இதுல சிலுவை வராது" என்று மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

"ஆண்டவருக்கு நான் எதுக்கு ஆவேன்?" என்று கிழிந்த ஓலை தினமும் முனகியது.

"சும்மா காய்ஞ்சுக்கிட்டிரு" என்றது சிலுவை ஓலை.

அடுத்த ஆண்டு, சாம்பல் புதனுக்காக வீடுகளிலிருந்த பழைய ஓலைகளையெல்லாம் வாங்கிக் கோவிலில் எரித்தார்கள். கிண்ணத்துச் சாம்பலுக்குள் இரண்டும் அரைத்தூக்கத்தில் மிதந்தன.

"என் மடிப்பு தெரியுதா?" என்றது சிலுவை ஓலை.

"இல்ல. என் கிழிசலும் தெரியல."

சாமியாரின் கட்டைவிரல் மெல்லச் சாம்பலுக்குள் இறங்கியது. கிழிந்த ஓலை கண்விழித்தபோது, பிரகாசியம்மாளின் நெற்றியில் சிலுவையாக இருந்தது.