கல்லைப் பார்க்க வந்தவர்

"கல்லைப் பார்க்கலாம், புஷ்பம். கும்பிடத்தான் கூடாது."

குகை வாசலில் நின்று சந்திரசேகரன் சட்டம் போட்டார். விடியற்காலையில் பினாங்கில் ஃபெரி ஏறியதிலிருந்து அவர் மனைவி புஷ்பவள்ளி இதே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறாள்.

அவர் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி, ஜார்ஜ் டவுன் மூடப்பழக்க ஒழிப்புச் சங்கத்தின் காரியதரிசி. வருடா வருடம் அந்தப் பதவிக்குத் தேர்தலில் நின்று தோற்று, ஒரு வழியாகப் போன மாதம்தான் ஜெயித்திருந்தார். மறுநாளே வீட்டுச் சுவரிலிருந்த சாமி படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் தாம் மாலையும் கழுத்துமாக எடுத்துக்கொண்ட படத்தை மாட்டிவிட்டார்.

லீவுக்கு ஈப்போ பக்கம் போய்ச் சுண்ணாம்புக் குகைகளைப் பார்த்து வரலாம் என்று சொன்னவரும் அவர்தான். புஷ்பவள்ளிக்கு நம்பவே முடியவில்லை. பக்கத்திலிருக்கும் பாலிக் புலாவுக்கு டுரியான் பழம் தின்னக்கூட அவளைக் கூட்டிப் போகாத மனிதர் அவர்.

"அடுத்த குகையில முருகன் கோயில் இருக்காமே?" என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"இருக்கும். சோம்பேறிங்க இருக்கிற இடத்துல எல்லாம் இருக்கும்."

"உள்ளகூட வரல. வாசல்ல ஒரே ஒரு கற்பூரம்..."

"அதான் ஃபெரியில பார்த்தேனே."

பார்த்ததோடு அவர் விடவில்லை. சோற்றுக் கூடைக்குள் அவள் ஒளித்து வைத்திருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்து, நாலு பேர் பார்க்கக் கடலில் வீசியிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த சீனத்தி, ஒன்றும் புரியாவிட்டாலும், 'ச்சு' கொட்டினாள். புஷ்பவள்ளிக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

அந்தக் கற்பூரமே அவருக்காக நேர்ந்துகொண்டதுதான். போன வருடம் விஷ ஜுரத்தில் அவர் நினைவில்லாமல் கிடந்தபோது, 'இவர் எழுந்து உட்கார்ந்தால் உன் சன்னிதியில் கற்பூரம் ஏற்றுகிறேன் முருகா' என்று வேண்டிக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்தவர் முதல் காரியமாக, பினாங்கிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் அவள் தலை காட்டக் கூடாது என்றார். வேண்டுதல் அப்படியே நிற்கிறது. சொன்ன வாக்கைக் காப்பாற்றாததால் இவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் நிம்மதியாகத் தூங்கி நாளாயிற்று.

"என்னைக் காப்பாத்தினது டாக்டரு. வேணும்னா அவருக்குக் காட்டு கற்பூரம்," என்றார் சந்திரசேகரன். "காரியதரிசி பொண்டாட்டி கோயில் வாசல்ல நின்னான்னு தெரிஞ்சா, சங்கத்துல என் மானம் போயிடும்லா."

குகைக்குள் நுழைந்ததும் டார்ச் லைட்டை மேலே அடித்தார். கூரையிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கல் தொங்கியது.

"சுண்ணாம்புத் தண்ணி சொட்டிச் சொட்டி இறுகிப் போனது இது. விஞ்ஞானம். நம்ம ஆளுங்க இதுக்குத் தும்பிக்கை இருக்குன்னு சொல்லி விநாயகராக்கிடுவாங்க."

அவளுக்கும் அது விநாயகராகத்தான் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ள எழுந்த கையை இறக்கிக்கொண்டாள்.

"நீ இங்கயே உட்காரு. உள்ள வழுக்கும். நான் போய் ஆராய்ஞ்சிட்டு வர்றேன்."

"தனியாவா? ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கலாமே."

"பயம், பக்தி எல்லாம் உங்களுக்குத்தான்."

டார்ச் வெளிச்சம் வளைவில் திரும்பி மறைந்தது. நெடுநேரம் ஆயிற்று. வெளிச்சமும் வரவில்லை, அவரும் வரவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். குகையும் 'ஏங்க' என்றது. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். குகை மட்டும்தான் பதில் சொன்னது.

நிறைவேற்றாத வேண்டுதல் தன் வேலையைக் காட்டிவிட்டது என்றே நினைத்தாள். மனைவிமார்கள் கணவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குவார் அவர். வீட்டில் எத்தனை மிரட்டியும் அவளுக்கு மட்டும் நாக்கு எழுந்ததில்லை. இப்போது இருட்டைப் பார்த்து, "சந்திரசேகரன்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதற்கும் பதில் இல்லை.

அழுதுகொண்டே வெளியே ஓடினாள். மணிச் சத்தம் வந்த திசையில் போனால் கோயில் குகை இருந்தது. அவர் போட்ட சட்டமெல்லாம் அவளுக்கு மறந்து போயிருந்தது. விபூதித் தட்டோடு வந்த பண்டாரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரரு அந்தக் குகைக்குள்ள போனாருங்கய்யா. இன்னும் காணோம். யாரையாச்சும் விளக்கோட அனுப்புங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அழாதீங்கம்மா. எந்த ஊரு? அவரு பேரு என்ன?"

"பினாங்கு. பேரு... சந்திரசேகரன்."

பண்டாரம் தட்டைக் கீழே வைத்தார். "பூராட நட்சத்திரமா?"

"ஆமா. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அர்ச்சனைக்குச் சொல்லி வச்சிருக்காரே. அந்தக் குகைக்கு இந்தப் பக்கமும் ஒரு வாசல் இருக்குதும்மா. ஆளு கோயிலுக்குப் பின்னால நாவிதர்கிட்ட உட்கார்ந்திருக்காரு, பாதித் தலை ஆயிருக்கு. ஊர்ல கேட்டா, வௌவால் எச்சம் பட்டதால மழிச்சேன்னு சொல்லிக்குவாராம். ஏதோ சங்கத்துல காரியதரிசியா ஜெயிச்சா மொட்டை போட்டுக்கிறேன்னு முருகனுக்கு வேண்டியிருந்தாராம்."