ராணியின் கன்னம்

நாணயங்களுக்குத் தரம் போடும் நிறுவனம், ராணி தலை போட்ட அந்த வெள்ளி ரூபாய்க்கு எழுபதுக்கு அறுபத்திரண்டு கொடுத்தது. அறுபத்தைந்துக்குக் குறையாது என்பது ஜெயசீலனின் கணக்கு. காசை உள்ளே வைத்து அவர்கள் முத்திரையிட்டு அனுப்பிய பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து, அதே காசைப் புதிதுபோல அனுப்பினார். அறுபத்துமூன்று. மறுபடி உடைத்து அனுப்பினார். அறுபத்தொன்று! “கண்ணு பொடனியிலயா இருக்கு இவனுங்களுக்கு?” என்று கத்திக்கொண்டே மூன்றாம் முறை ஓங்கியதில் சுத்தியல் காசிலேயே இறங்கி, ராணியின் கன்னம் குழிந்துவிட்டது. வீம்புக்கு அதையும் அனுப்பினார். இன்று புதுப் பெட்டியில் அறுபத்தைந்து என்று வந்திருக்கிறது. “கேட்டது கெடைச்சிருச்சுல்ல, இப்பவாவது சிரிங்களேன்” என்றாள் மனைவி ரூபி. அவர் பிளாஸ்டிக்குக்குள் தெரிந்த குழியையே வெறித்துக்கொண்டிருந்தார். “அந்தச் சுத்தியல எடு” என்றார்.