கழுவிய பானை

கோரமண்டல் லைன் வீட்டின் பின்பக்கம், துவைக்கும் கல்மேல் கூழ்ப்பானை கவிழ்ந்து காய்கிறது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் தூசியோடு வரும் சாயங்கால வெயில் அதன் அடிக்கரியில் மங்கலாகப் படிந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த யசோதரா, தோளில் மாட்டிய ஐஸ் பெட்டியை இறக்காமல் நிற்கிறாள். இந்தப் பானையில் புளித்த கேழ்வரகு மாவிலிருந்துதான் ஒரு பாக்டீரியாவை அவள் லேபுக்குக் கொண்டுபோனாள். ஆயிரக்கணக்கான கிருமிகளின் மரபணுவைப் படித்துப் பழகிய கம்ப்யூட்டர், இதன் மரபணுவையும் படித்துவிட்டு, குழந்தைகளின் வயிற்றுப்போக்கை இது தடுக்கக்கூடும் என்றது. சோதித்துப் பார்ப்பதற்குள் லேபின் ஃப்ரீசர் நின்று, குழாய்களில் இருந்ததெல்லாம் செத்துப்போனது. மரபணுவின் எழுத்துகள் மட்டும் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன; உயிருள்ளதை மறுபடி எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறாள். அடியில் கொஞ்சம் பழைய மாவை விட்டு, அதிலேயே புதுமாவைக் கரைப்பதுதான் அம்மா பழனியம்மாவின் வழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மிச்சம் தீர்ந்ததே இல்லை. இப்போது சாக்கடையோரம் வெள்ளையாக நுரை காய்ந்து கிடக்கிறது.

"உங்க ஆபீஸ்காரங்க பானைய பாக்க வருவாங்கன்னு போன்ல சொன்னியே. அந்தப் புளிச்ச நாத்தத்தோடயா காட்டறது? மாவ கொட்டிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, சுடுதண்ணி ஊத்தித் தேச்சேன்," என்கிறாள் பழனியம்மா, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி. "இன்னா அப்படியே நின்னுகினு கீற? மோந்து பாரு."

யசோதரா பானையை நிமிர்த்தி, முகத்தை உள்ளே விடுகிறாள். வெகுநேரம் முகத்தை வெளியே எடுக்கவில்லை. அம்மா காத்திருக்கிறாள்.

"நல்லா கழுவிகீறம்மா," என்று பானைக்குள்ளிருந்து குரல் வருகிறது.