ஐந்துக்கு இரண்டு

"அஞ்சுக்கு ரெண்டு போட்டது நான்தான் மேடம். வேற யார் மேலயும் சந்தேகப்படாதீங்க."

துறைத் தலைவரின் அறையிலிருந்து முகம் வாடி வெளியே வந்த பேராசிரியை, வராந்தா பெஞ்சில் காத்திருந்த அந்த அம்மாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த அம்மாள் அவளுடைய மாணவி. தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற கையோடு முதுகலையில் சேர்ந்தவர். எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்பதால், வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கேள்வித்தாள் அம்மா'. கல்லூரிக்குள் கால் வைத்துவிட்டால் பேராசிரியை எவ்வளவு சின்னவளாக இருந்தாலும் அவருக்கு 'மேடம்'தான், 'நீங்க'தான். அதில் ரொம்பக் கறார்.

'படைப்புச் சிந்தனை' என்று ஒரு பாடம் வேண்டும் என்று பேராசிரியை வருடக்கணக்கில் அலையாய் அலைந்து அனுமதி வாங்கியிருந்தாள். சனிக்கிழமை தோறும் பத்திலிருந்து ஒன்று வரை வகுப்பு. பாதிப் பாடம் முடிந்ததும் மாணவர்கள் தங்கள் பெயரைப் போடாமல் ஆசிரியருக்கு மார்க் போடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் இரண்டு போட்டு, 'எந்த வகுப்பையும் மணி அடிக்கும்வரை நடத்துவதில்லை' என்று எழுதியும் வைத்திருந்தார். அன்று சனிக்கிழமை; வழக்கம்போல் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பியவளைத்தான் தலைவர் கூப்பிட்டு விட்டிருந்தார்.

"தலைவர் என்ன சொன்னார்?"

"புகார் உண்மையான்னு கேட்டார். உண்மைதான்னு ஒத்துக்கிட்டேன். இனிமே ஒரே ஒரு நாள் சீக்கிரம் கிளம்பினாலும் பாடத்தை வேற ஆள்கிட்டக் கொடுத்துருவாராம்." அவள் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "என் பாடத்தை."

"கண்டிப்பாவா சொன்னார்?"

"ரொம்பக் கண்டிப்பா."

"நல்லதாப் போச்சு," என்றார் கேள்வித்தாள் அம்மா.

பேராசிரியைக்குச் சுருக்கென்றது. "என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே."

"எத்தனை தடவை சொன்னேன்? நீங்க காதுலயே வாங்கலை. நேர் வழி அடைச்சிருந்தா அங்கேயே முட்டிக்கிட்டு நிக்காதே, வேற வாசல் இருக்கான்னு பாருன்னு சொல்லிக்கொடுத்தது யாரு? நீங்கதானே?"

பாடம் தன் மேலேயே திரும்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பென்ஷன் காசுல முழு ஃபீஸ் கட்டியிருக்கேன் மேடம். பன்னிரண்டரைக்குத்தான் வகுப்பு சூடு பிடிக்கும். வாயே திறக்காத பசங்ககூடக் கையைத் தூக்குவாங்க. அப்பப் பார்த்து நீங்க வாட்சைப் பார்த்துட்டு, 'மீதி அடுத்த வாரம்'னு பையைத் தூக்குவீங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்காதா?"

"எனக்கு மட்டும் பாதியில விட்டுட்டு வரணும்னு ஆசையா? பன்னிரண்டே முக்கால் பஸ்ஸை விட்டா, அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வைக்க முடியாது."

"அவருக்குச் சனிக்கிழமை லீவுதானே?"

"லீவுதான்."

"கை கால் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் ஏன்?"

வகுப்பில் கேட்கிற அதே 'ஏன்'. பேராசிரியை பெருமூச்சு விட்டாள். "அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாம வளர்ந்துட்டார். நான் என்ன பண்றது?"

"வளர்த்தது யாரு?"

"அதை என் வாயால சொல்லணுமா?"

"சொல்லுங்க. பயப்படாதீங்க."

"அவங்க அம்மாதான். ஒரே பிள்ளைன்னு, குடிச்ச தம்ளரைக்கூட எடுத்து வைக்க விடலை."

"அந்தப் பொம்பளையை உதைக்கணும்," என்றார் கேள்வித்தாள் அம்மா நிதானமாக.

பேராசிரியைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. துறைத் தலைவர் அறைக் கதவு திறந்து மூடியது. இருவரும் எழுந்து மாடிப்படியில் இறங்கினார்கள்.

"அப்போ பாடம் பிடிக்காம ரெண்டு போடலையே?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

"பிடிக்காதவளா இருந்தா, சீக்கிரம் விடறாங்களேன்னு சந்தோஷமா அஞ்சு போட்டிருப்பேன்."

அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனாலும் கடைசிப் படியில் கவலை மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது. "பாடத்தை விட எனக்கு மனசில்லை. ஆனா வீட்டுல என்னன்னு சொல்லுவேன்?"

"மேலிடத்து உத்தரவுன்னு சொல்லுங்க. நீங்களா ஒரு மணி வரைக்கும் இருந்தா, அது உங்க இஷ்டம். சண்டை வரும். ஆபீஸே இருக்கச் சொன்னா யார் என்ன பேச முடியும்? அந்த ரெண்டு மார்க்கைச் சும்மாவா போட்டேன்?"

பேராசிரியை அவரை உற்றுப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒன்றும் நடக்காதது போலக் குடையை விரித்துக்கொண்டார்.

பேச்சில் வழக்கமான பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. அவள் வீட்டுக் கதவைத் திறந்ததும், சோபாவில் படுத்திருந்த கணவன் தலையை மட்டும் தூக்கினான்.

"ஏன் இவ்வளவு நேரம்? பசி உயிர் போகுது."

அவள் வாயைத் திறந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த 'மேலிடத்து உத்தரவு'க்குப் பதில், "இதோ, ரெண்டு நிமிஷம்" என்றுதான் வந்தது.

"நீ போய் உட்காரும்மா, நான் பேசிக்கறேன்," என்று அவள் பின்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் கேள்வித்தாள் அம்மா. "இனிமே சனிக்கிழமைன்னா என் மருமகளுக்கும் எனக்கும் ஒரு மணி வரைக்கும் வகுப்புடா. எந்திரி, அம்மா சொல்லச் சொல்ல வெங்காயத்தை நறுக்கு."