வக்கீல் வாங்கிய விரால்

ஆம்பூர் வக்கீல் சம்பந்தம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு ஏரிக்குக் கிளம்பிவிடுவார். அவரைப் பற்றி எதிர்வீட்டு ரங்கம்மாளுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். அதையும் இன்று தெரிந்துகொண்டு வந்துவிட்டாள்.

"பங்கஜம் அக்கா, உங்க வூட்டுக்காரரு மார்க்கெட்ல உயிர் விராலு வாங்குறாரு. மிலிட்டரிக்காரரு மீன் புடிக்கிற லட்சணத்தப் பாரு."

வக்கீலின் மனைவிக்கு முகம் மாறியது. "வீட்டுக்கு ஒரு மீனும் வர்றதில்லையே?"

"அப்போ வேற எந்த வூட்ல கொழம்பு கொதிக்குதோ" என்று ரங்கம்மாள் அனுதாபத்தோடு எடுத்துக்கொடுத்தாள்.

பங்கஜம் விறுவிறுவென்று ஏரிக்கு நடந்தாள். ரங்கம்மாள் தனியாக விடுவாளா? கூடவே போனாள்.

கரையில் வக்கீல் மட்டும்தான். பக்கெட்டில் இருந்த விராலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?" என்றாள் பங்கஜம்.

"தோலு பதனிடுற டேனரிக் கழிவை இங்க விடக் கூடாதுன்னு கேஸ் ஜெயிச்சேன் இல்ல? தண்ணி தேறிச்சான்னு வாராவாரம் மீனை வுட்டுப் பாக்குறேன்."

"ஜட்ஜுதான் உத்தரவு போட்டுட்டாரே."

"போட்டாரு."

சேற்றில்கூடப் பிழைத்துக்கிடக்கும் விரால், சற்று நேரத்தில் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது.

பங்கஜம் காலி பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். வக்கீல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வா, போலாம். இன்னொரு மனு எழுதணும்."