ஏழாம் பதிப்பு

நாச்சம்மை தன் புத்தகத்தின் அட்டையைத் தன் கையாலேயே கிழித்துக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டல்ல, கட்டுக் கட்டாக இருந்த அத்தனையையும்.

கிழித்ததை வாங்கிப் புது அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார் கிபாயத்துல்லா. புதுக்கோட்டைக் கடைத்தெருவில் அச்சகம் வைத்திருப்பவர். ‘நாச்சம்மை ஆச்சியின் ஊறுகாய் வகைகள்’ என்ற தலைப்பில் மாற்றமில்லை. அதன் கீழே ‘முதற் பதிப்பு’ என்று இருந்த இடத்தில் மட்டும் இப்போது ‘ஏழாம் பதிப்பு’ என்று இருந்தது.

“ஏன் ஆச்சி, பொய் சொல்றதுன்னு ஆயிப்போச்சு. ரெண்டுன்னு போடலாம், மூணுன்னு போடலாம். அதென்ன ஏழு?”

“சீதை அஞ்சு போட்டிருக்கால்ல?”

சீதை அவளுடைய கொழுந்தன் மனைவி. நாச்சம்மை புத்தகம் போட்டதைப் பார்த்துத் தானும் ஓர் ஊறுகாய்ப் புத்தகம் போட்டவள். பின்னால் வந்தவளுக்கு அதற்குள் ஐந்து பதிப்பு! நாச்சம்மையின் புத்தகமோ முதல் பதிப்போடு வீட்டு அறையில் கரையானுக்குக் காத்திருந்தது.

கல்யாண வீடுகளில் யாராவது, “சீதை புத்தகம் அஞ்சாம் பதிப்பாமே” என்று சொல்லிவிட்டால் போதும். அன்றைக்கு நாச்சம்மைக்கு இலையில் இருப்பது எதுவும் தொண்டையில் இறங்காது. வயிறு அப்படி எரியும்.

“நானும் சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன்” என்றார் கிபாயத்துல்லா. “சின்ன ஆச்சி ஒவ்வொரு பதிப்புக்கும் அழுத மூஞ்சியோடதான் இங்க வந்தாக. கையில ஒரு ஊறுகாய் ஜாடி வேற.”

“அழுகையாம் அழுகை! சந்தோசத்தைக் காட்டுனா நான் கண்ணு வச்சுருவேன்னு நடிக்கிறா, பாய். அவளப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது. நீங்க ஒட்டுங்க.”

அவர் பசையைத் தடவி ஒட்டினார். கடைசிப் புத்தகத்துக்கும் அட்டை ஒட்டியாயிற்று. நாச்சம்மை அதைக் கையில் எடுத்துத் தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். இனி எந்தக் கல்யாண வீட்டுக்கும் நிமிர்ந்து போகலாம்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சம்மை சட்டென்று கிழித்த அட்டைகளைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். பஸ் புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

“பாய், நான் திருமயம் ஆவுடையாள். எம் மக கல்யாணம் முடிஞ்ச கையோட பினாங்கு போறா. அங்கிட்டு அவளுக்கு ஒரு சந்தேகம்னா கேக்க ஆள் கிடையாது. அதான் ஊறுகாய்ப் புத்தகம் வாங்க வந்தேன். கல்யாணத்துக்கு வாரவுகளுக்கும் தாம்பூலத்தோட ஆளுக்கு ஒண்ணு குடுத்துரலாம்னு இருக்கேன்.”

நாச்சம்மை ஓரடி முன்னால் வந்தாள். ஒரு கல்யாணமே தன் புத்தகத்தை வாங்கினால் சீதையின் முகம் எப்படிப் போகும்! ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“சீதை புத்தகமா கேக்குறீங்க?”

“ஐயையோ, அது வேணாங்க! மொதப் பதிப்புல உப்புக் கணக்குத் தப்பு. அதத் திருத்திப் போட்டாக. அதுல எண்ணெய் தப்பு. அப்புறம் வெயில்ல வைக்கிற பக்குவம் தப்பு. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ஜாடியில பூசணம் பூத்துப் போச்சு. தப்பு மேல தப்பாத் திருத்தித்தான் அஞ்சாம் பதிப்புக்கு வந்திருக்கு.”

“அப்ப எது வேணும்?” என்றார் கிபாயத்துல்லா.

“நாச்சம்மை ஆச்சி புத்தகம். அதுல திருத்துறதுக்கு ஒண்ணுமே இல்லையாம். அதனாலதான் இன்னும் முதல் பதிப்பாவே நிக்கிதுன்னு எல்லாரும் சொல்றாக.”

கிபாயத்துல்லா நாச்சம்மையைப் பார்த்தார். நாச்சம்மை மேசைக்கு அடியில் கிடந்த அட்டைகளைப் பார்த்தாள். அவள் விரல்களில் பசை இன்னும் காயவில்லை.

அதற்குள் ஆவுடையாள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டாள். அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“அடியாத்தி! சீதையாச்சும் அஞ்சோட நிறுத்துனாளே!”