ஒரே மாதத்தில் இரண்டு கிலோ

அன்று வகுப்பறையில் இருந்தவர்கள் பதினைந்து பேர். மதியக் கஞ்சிப் பட்டியலில் உள்ள பிள்ளைகள் பன்னிரண்டு. கஞ்சி காய்ச்சும் பாசிங் ஒருத்தி. ஊருக்கே அவள் மானாங், அதாவது அக்கா. பட்டியலில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்ற சிறுமி நெனிங் ஒருத்தி. எடை மெஷினுக்குப் பக்கத்தில் எர்லிண்டா டீச்சர் ஒருத்தி.

முப்பத்தெட்டு வருடம் கழித்தும் எர்லிண்டா இந்தக் கணக்கை ஆசையோடு சொல்வாள். சாமார் தீவின் கடலோரப் பள்ளியில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது.

தலைமையாசிரியர் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்.

"பதினெட்டு கிலோவைத் தொட்ட பிள்ளையோட பேரை அடிச்சிடணும். கஞ்சி நின்னுடுமேன்னு பிள்ளைங்களை வெறும் வயித்தோட அனுப்புவாங்க. யாரையும் நம்பாதேம்மா."

எர்லிண்டா யாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு முறை ஏற்றிப் பார்த்தாள்.

ஒன்பதாவதாக ஏறினாள் ஏழு வயது ரோவெனா. போன மாதம் பதினாறு கிலோ. இப்போது முள் பதினெட்டில் நின்றது.

"இறங்கி மறுபடி ஏறு."

மறுபடியும் பதினெட்டு.

பாசிங் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "நான் ஊத்துறது ஆளுக்கு ரெண்டு கரண்டி. அதுல ஒரே மாசத்துல ரெண்டு கிலோவா? ஏண்டி, நான் அந்தப் பக்கம் திரும்பினா பானையில கை வைக்கிறியா?"

"இல்ல மானாங்."

எர்லிண்டாவுக்குப் பாசிங் மேலேயே சந்தேகம் வந்தது. வேண்டிய பிள்ளைக்கு இவளே ஊற்றிக் கொடுத்துவிட்டு, இப்போது நாடகம் ஆடுகிறாளோ?

ரோவெனா குதித்து இறங்கினாள். அவள் இடுப்பில் ஏதோ 'ணங்' என்றது.

"இங்க வா. சட்டையைத் தூக்கு."

இடுப்பைச் சுற்றி நைலான் கயிறு. அதில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகள். எர்லிண்டா எண்ணினாள். எட்டு. ஒவ்வொன்றும் கால் கிலோ.

"எங்க திருடின?"

"திருடல டீச்சர். அப்பாவோடது. சாயங்காலம் படகு எடுக்குறதுக்குள்ள வச்சிடுவேன்."

"ஊரே எடையைக் குறைச்சுக் காட்டப் பார்க்குது. நீ எதுக்குக் கூட்டின? பதினெட்டு வந்தா நாளையிலிருந்து உனக்குக் கஞ்சி கிடையாது, தெரியுமா?"

"தெரியும் டீச்சர்." ரோவெனா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு பேர் போனாத்தான் அடுத்த பேர் வரும்னு நீங்கதானே சொன்னீங்க. அடுத்த பேர் நெனிங்."

"அவ உனக்கு என்ன சொந்தமா?"

"இல்ல. தினமும் என் தட்டைக் கழுவித் தர்றேன்னு வாங்கிட்டுப் போவா. குழாய்க்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே தட்டு சுத்தமாயிடும் டீச்சர்."

வாசலில் நின்ற நெனிங் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

எர்லிண்டா பதிவேட்டில் 'பதினாறு' என்று எழுதினாள். பன்னிரண்டு பெயரும் அப்படியே நின்றன. பதின்மூன்றாவது பெயருக்கு இடமில்லை.

"என்ன பண்றது மானாங்? அரிசி பன்னிரண்டு பேருக்குத்தானே அளந்து வருது."

"அதை எனக்கே சொல்றீங்களா?" பாசிங் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். போனவள் கதவையும் சாத்திக்கொண்டாள்.

எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? எர்லிண்டா பின்னாலேயே போய்ச் சட்டென்று திறந்தாள்.

பாசிங் தன் டப்பாவில் இருந்த மதியச் சோற்றை வழித்துக் கஞ்சிப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க? எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல."

அந்த மாதம் முழுவதும் பாசிங்குக்கு வயிறு சரியாகவே இல்லை.

அன்று சாப்பிட்டவர்கள் பதின்மூன்று பேர். பானையில் மீதி, பாசிங்கின் பங்காக இரண்டு கரண்டி.